மச்சானுக்குக் கைதியாக இருந்தேன்

முதலில் மன்னிக்கணும். என் கையெழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் செஞ்சி மண்டியில் நெல் மூட்டைமேல் மை தொட்டுப் போட்ட எழுத்துதான். அந்தக் கை காகிதத்திலும் மூட்டை அளவுக்கே எழுதுகிறது. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிக்கு மேல் நிற்கவில்லை. சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. தோன்றிய இடத்தில் வைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் மாற்றிக்கொள்ளவும்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மண்டிக்காரர்கள். என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன வாரம் வல்லத்திலிருந்து நெல் கொண்டுவந்த ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “எந்தக் கேசுப்பா? எத்தினி மாசம் உள்ள இருந்த?” என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். நான் ஜெயிலுக்குப் போகவில்லை. ஜெயில்தான் என் வீட்டுக்கு வந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்சில் என் நிறுத்தம் வந்தால் கூட “ஹோல்டான்” என்று கத்த வராது. வேறு யாராவது இறங்கினால் இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். இப்படிப்பட்ட எனக்கு என்னைவிடக் கூச்சமான ஒரு மச்சான் வாய்த்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என் மனைவிதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எனக்குக் கல்யாணமான அன்று சீர்வரிசைப் பாத்திரங்களோடு அவனும் வண்டியில் வந்து இறங்கினான். அண்டா குண்டான் எல்லாம் ஒவ்வொன்றாக அடிபட்டு ஒடுங்கிவிட்டன. அவன் மட்டும் வளர்ந்தான். பெரியவர்கள் எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். யாரைப் பார்த்தாலும் “சாப்டீங்களா?” என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவன் சிறைக்காவலர் வேலைக்கு விண்ணப்பம் போட்டான் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தது.

“இவனா? கைதி தப்பிச்சி ஓடுனா, ‘அண்ணே, சாப்ட்டுட்டு ஓடுங்கண்ணே’ன்னு சொல்லுவான்.”

ஆனால் அவன் விடவில்லை. பத்தாவது பாஸ் வேண்டும், அது இருந்தது. உயரம் வேண்டும், இருந்தது. மூச்சை இழுத்தால் மார்பு சொன்ன அளவுக்கு விரிய வேண்டும் என்றார்கள். அதற்காக என் மனைவி தினமும் முட்டை அவித்துக் கொடுத்தாள். அவன் மூச்சைப் பிடித்தபடியே வீட்டில் நடமாடினான். “டீ வேணுமாடா?” என்று கேட்டால் கன்னம் உப்ப நின்று தலையை ஆட்டுவான். விடியற்காலையில் ராஜகிரிக் கோட்டை மலைப் படிகளில் ஓடுவான். மண்டியிலிருந்து நான் கொண்டுவந்த கயிற்றை வேப்பமரத்தில் கட்டி ஏறினான். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது நான். உடம்புக்கு வைத்த எல்லாத் தேர்விலும் தேறினான். பயிற்சிப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தான்.

அங்கே என்னென்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுவான். அணிவகுப்பு, லத்தி, துப்பாக்கி, சட்ட வகுப்பு, அடிபட்டவனுக்கு முதலுதவி, இரண்டு கைதிகள் கட்டிப் புரண்டால் எப்படிப் பிரிப்பது, காலையிலும் சாயங்காலமும் ஆளை எண்ணுவது, ஜன்னல் கம்பியை லத்தியால் தட்டிச் சத்தத்தை வைத்து எது அறுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எல்லாவற்றிலும் தேறினான். ஒன்றே ஒன்றில் மாட்டிக்கொண்டான். கைதியைச் சோதனை போடுவது.

அதற்கான பரீட்சை இப்படி: வயதான ஒரு பயிற்சியாளர் லுங்கியும் சட்டையும் போட்டுக்கொண்டு கைதி மாதிரி நிற்பார். உடம்பில் நாலைந்து பொருளை ஒளித்து வைத்திருப்பார். மொத்தப் படையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, கையை உயர்த்தி, இன்ன பொருள் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மச்சான் இரண்டு தடவையும் ஒரு பொருளை விட்டுவிட்டான். மூன்றாவது தடவையும் விட்டால் அவனோடு சேர்ந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போவார்கள், இவன் மட்டும் அடுத்த அணியோடு முதலிலிருந்து ‘லெஃப்ட் ரைட்’ போட வேண்டும். நடுவில் சில நாள் லீவு விட்டார்கள். முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான்.

என் மனைவி ராத்திரிச் சோறு போடும்போதே முடிவு பண்ணிவிட்டாள்.

“இங்கயே பழகு. இதோ, கைதி இருக்குறாரு” என்று கரண்டியால் என்னைக் காட்டினாள்.

அப்போது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விடவேண்டும். மச்சான் டீயை விட்டிருந்தான். என் மனைவி டிவி சீரியலை விட்டிருந்தாள், கதையை மட்டும் பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டுக்கொள்வாள். நான் மூக்குப்பொடியை விட்டிருந்தேன். அதாவது, சாம்பல் புதன் அன்று மாதா படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, விட்டேன் என்று என்னைச் சொல்ல வைத்திருந்தாள். மண்டியில் நெல் தூசு எப்படி என்று மாதாவுக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியாது. அதனால் சின்னதாக ஒரு டப்பா என்னோடு இருந்தது. பகலில் மண்டியில் இருக்கும். ராத்திரி கூரைச் சந்தில் இருக்கும்.

மறுநாளிலிருந்து வீடு ஜெயிலாகிவிட்டது. காலையில் வரிசையாக நின்று எண்ணிக்கை கொடுக்க வேண்டும். நான் ஒன்று, என் மனைவி இரண்டு, ஆடு மூன்று. ஆடு ஒரு நாள் பின்பக்கம் போய்விட்டதால் நானும் என் மனைவியும் அது கிடைக்கும்வரை நின்றபடியே நின்றோம். அவன் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கரண்டிக் காம்பால் தட்டினான். ஒன்று மட்டும் பொத்தென்று ஒலித்தது. இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிட்டது.

“இத்தினி வருசமா இப்படியா இருந்திச்சி? திருடன் வந்திருந்தா?” என்றாள் என் மனைவி. அந்தக் குற்றமும் என் கணக்கில் சேர்ந்தது.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்ததும் சோதனை. என் மனைவி எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் என் துணியில் சாமான்களை ஒளித்து வைப்பாள். முதல் நாள் அவன் என் விலாவில் கை வைத்ததும் எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

“கைதி சிரிக்கலாமா?” என்று அதட்டினாள் என் மனைவி.

“சிரிக்கக்கூடாதுன்னு ரூல் இல்லக்கா” என்றான் அவன்.

அவன் வேலை செய்த விதம் நன்றாகவே இருந்தது. தலையில் ஆரம்பித்துக் கீழே வருவான். தட்டிப் பார்க்க மாட்டான், அழுத்திப் பார்ப்பான். காலர் மடிப்பு, சட்டை ஓரம், கைலி மடிப்பு, விரலிடுக்கு எல்லாம் பார்ப்பான். காலரில் சொருகிய ஊசியை எடுத்தான். என் செருப்பைக் கிழித்து உள்ளே வைத்து ஒட்டியிருந்த சிம் கார்டை எடுத்தான். செருப்புப் போனது என்னுடையது. வாய்க்குள் வைத்திருந்த பித்தானைக் கூட, “மாமா, ஆ காட்டுங்க” என்று சொல்லி வாங்கிவிட்டான்.

எனக்கும் இதில் ஒரு ருசி வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் தட்டாதவன் நான். கைதியானதும் தட்டலாம் என்றாகிவிட்டது. “கையைத் தூக்குங்க” என்றால் ஒரு கையை மட்டும் தூக்குவேன். “திரும்புங்க” என்றால் சுற்றி வந்து அதே பக்கம் நிற்பேன். ஒரு நாள் சாப்பாடு சரியில்லை என்று மனுக் கொடுத்தேன். என் மனைவி அந்த மனுவை விசாரித்து, “கோட்டையில கைதிக் கெணறு ஒன்னு இருக்குதே, அதுல கொண்டு போய் வுட்டுட்டு வா இந்த ஆள” என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆனால் அவளுக்கு ஒன்று புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. வீட்டில் ஒன்றைக் கூட விடாமல் எடுக்கிறவன் அங்கே எப்படி விடுகிறான்?

லீவு முடிவதற்கு முந்தின நாள் மண்டியில் லாரி தாமதம். வீட்டு வாசலிலேயே என் மனைவி பிடித்துக்கொண்டாள். “குளியல் அப்புறம். மொதல்ல சோதனை.” கூரைச் சந்துக்குப் போக வழியில்லை. பொடி டப்பா அரைஞாண் கயிற்றில் முதுகுப் பக்கமாகச் சொருகியபடி இருந்தது. என் மனைவி பென்சில் ஒன்றையும் பிளேடு உறை ஒன்றையும் என் சட்டையில் ஒளித்துவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து மடியில் கூடையை வைத்து மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு வந்தாயிற்று.

பென்சிலை எடுத்தான், உயர்த்திக் காட்டினான். பிளேடு உறையை எடுத்தான், காட்டினான். பிறகு கை இடுப்புக்கு வந்தது. முதுகுப் பக்கம் போனது. நின்றது. டப்பாவின் மூடியை விரல் ஒரு தடவை தடவியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரல் மெதுவாகக் கீழே இறங்கிப் போய்விட்டது.

“முடிஞ்சிது. வேற ஒன்னும் இல்லக்கா.”

எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது. ஆனால் அவன் சொல்லும்போது காது மடலைச் சொறிந்தான். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவன் கை காதுக்குப் போகும். வளர்த்தவளுக்குத் தெரியாதா?

“இன்னாடா மறைக்கிற?”

“ஒன்னுமில்லக்கா.”

“அங்கயும் இப்படித்தான் ஒன்னுமில்லன்னியா?”

அவன் தலை குனிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

“அந்தப் பயிற்சி சாரு இடுப்புல புகையிலப் பொட்டலம் இருந்திச்சிக்கா. கையில பட்டுது. அது அவரு போடுற புகையிலன்னு நெனச்சன். ரிட்டேர் ஆவப்போற மனுசன். அத்தினி பேர் முன்னால எடுத்துத் தூக்கிக் காட்டுனா அவருக்கு அசிங்கம் இல்லியா? அதான் வுட்டுட்டன்.”

“ரெண்டாவது வாட்டி?”

“லுங்கி மடிப்புக்குள்ள பீடி. அதுவும் அவருதுன்னுதான்...”

“அப்பறம் அவரே எடுத்துக் காட்டியிருப்பாரே?”

“காட்டுனாரு. ‘இத நீ பாக்கல’ன்னாரு. ‘பாத்தன் சார், உங்களுக்காவதான் வுட்டன்’னு எப்படிக்கா சொல்றது? அது இன்னும் அசிங்கம்.”

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதிலைத் தட்டித் தட்டிச் சிரித்தது. என் மனைவி சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் அவனையே பார்த்தாள். இதற்கிடையில் என்னை யாரும் பார்க்கவில்லை. நான் பானைப் பக்கம் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன்.

என் மனைவி கடைசியில் கேட்டாள், “அப்ப இந்த ஆள் இடுப்புல இன்னா இருக்குது?”

நான் இரண்டு கையையும் தூக்கினேன். “சோதனை போட்டுக்கட்டும்” என்றேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு தைரியமாக ஒன்றும் சொன்னதில்லை.

அவன் வந்து இடுப்பில் கை வைத்தான். முதுகுப் பக்கம் தடவினான். முன்பக்கம் தடவினான். என் முகத்தைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“மாமா, எங்க?” என்று என் காதில் கிசுகிசுத்தான்.

“கைதிகிட்ட ரகசியம் பேசலாமா?” என்றேன் நான், எல்லாருக்கும் கேட்கும்படி.

“தேடு” என்றாள் என் மனைவி. “கெடைக்கலன்னா இன்னிக்கி ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. நாளிக்கி நீ அங்க போயும் ஒன்னும் கிழிக்கப்போறதில்ல.”

அவன் என்னைத் தலை முதல் கால்வரை அழுத்தி எடுத்தான். என்னிடம் ஒன்றும் இல்லை. பானைக்குள் பார்த்தான், செம்பைக் கவிழ்த்தான், இல்லை. பிறகு நான் நின்ற இடத்திலிருந்து பானை வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்தான். திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டான். அந்த வழியில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவனுடைய அக்கா. அவள் மடியில் மணிலாக் கூடை.

அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எனக்குக் கூடப் பாவமாகிவிட்டது. அந்த வீட்டில் என் மனைவியிடம் “தண்ணி கொடு” என்று கேட்பதற்கே நானும் அவனும் நல்ல நேரம் பார்ப்போம். அவளை எழுந்திருக்கச் சொல்லுவதா?

“இன்னாடா என் முன்னால வந்து நிக்கிற?” என்றாள் அவள்.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

“இன்னா ஜெயிலரே, வாய்ல கொழுக்கட்டையா?” என்றது அத்தை.

“அக்கா... வந்து... பொம்பளைங்கள நாங்க தொடக்கூடாது. பெண் காவலர்தான் பாக்கணும். ரூல்...”

“என்னத் தொடச் சொல்லி யார்டா கேட்டது? உன் சந்தேகம் இன்னா, அதச் சொல்லு.”

மறுபடியும் காதுக்குக் கை போனது. பாதியில் இறக்கிவிட்டான். இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்தான். மூச்சை இழுத்தான், மார்பு எவ்வளவு விரிய முடியுமோ அவ்வளவு விரிந்தது. அவனிடமிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

“எழுந்து நில்லு! கூடையக் கீழ வை! ரெண்டு அடி பின்னால போ!”

ஆடு கட்டுத் தறியைச் சுற்றி ஓடியது. அத்தையின் கை மதிலிலிருந்து வழுக்கியது. நானும் இரண்டு அடி பின்னால் போனேன், எனக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என் மனைவி எழுந்து நின்றாள். கூடையைக் கீழே வைத்தாள். சொன்னபடி இரண்டு அடி பின்னால் போனாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அப்படியே மலைத்துப் போயிருந்தாள்.

அவன் கூடையைக் கவிழ்த்தான். தோலும் பருப்பும் முற்றமெல்லாம் சிதறின. நடுவிலிருந்து டப்பா உருண்டு ஓடியது. பாய்ந்து எடுத்தான். கையை உயர்த்தினான். தெருவுக்கே கேட்டது:

“பொடி டப்பா, ஒன்னு! வச்சிருந்தவரு எங்க மாமா! ஒளிச்சி வச்ச எடம் எங்க அக்கா கூடை!”

என் மனைவி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்துச் சொன்னாள்:

“என்னயே எழுந்து நில்லுன்னுட்டான், கேட்டியா?”

அதையே அன்று ராத்திரிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை வைக்கும்போது சொன்னாள். ஆட்டுக்குத் தழை போடும்போது ஆட்டிடம் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் டப்பாவை மறந்துவிட்டாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோற்றுத் தட்டு வந்தபோதுதான் மறக்கவில்லை என்று தெரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் மீன் குழம்பு. எனக்குக் கஞ்சி, ஒரு கல் உப்பு.

“மனுக் கொடுக்கலாமா?” என்று கேட்டேன்.

“குடு பாக்கலாம்” என்றாள். கொடுக்கவில்லை. என்னுடைய தவக்காலம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்றும், ஊருக்கு ஈஸ்டர் வந்தாலும் எனக்கு நாற்பது நாள் முடிந்துதான் வரும் என்றும் உத்தரவானது.

மச்சான் போனான். பரீட்சை நாளன்று என் மனைவி காலையிலிருந்து போனை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். சாயங்காலம்தான் அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

“பாஸ் ஆயிட்டன்க்கா.”

“எல்லாத்தையும் எடுத்தியா?”

“எடுத்தன். புகையில, பீடி, சிம்மு, ஒரு ஆணி எல்லாம் எடுத்துக் காட்டிட்டன். அப்பறம் சட்டை உள்பாக்கெட்டுல மாத்திரை அட்டை ஒன்னு இருந்திச்சி. அதையும் தூக்கிக் காட்டிட்டன்.”

“அது யாருது?”

“அவருதுதான். சக்கர மாத்திரை. ‘அது என்னோடதுடா, அத ஏன்டா கத்துற?’ன்னாரு. ‘தெரியும் சார், இருந்தாலும் சொல்லணும் சார்’னன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவரும் சிரிச்சாரு. அப்பறம் நான் கூட்டம் கலஞ்சதும் போயி மன்னிப்புக் கேட்டன்.”

“இன்னான்னு கேட்ட?”

“‘சாப்டீங்களா சார்’னு கேட்டன்.”

இப்போது அவன் வேலையில் சேர்ந்துவிட்டான். லீவுக்கு வரும்போது முன்போலவே தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வருகிறான். அக்காவுக்கு முன் அதே மெல்லிய குரல்தான். அவள்தான் பக்கத்து வீட்டு அத்தை இருக்கும்போது, “அப்படிச் சத்தமா ஒரு வாட்டி சொல்லுடா” என்று கெஞ்சுகிறாள். அவன் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிடுகிறான். என்னைப் பார்த்தால், “மாமா, சாப்டீங்களா?” என்று கேட்கிறான். கேட்டுக்கொண்டே என் இடுப்பைப் பார்க்கிறான். நானும் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே கையை மேலே தூக்குகிறேன்.

செஞ்சி,
ஆடி மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு.